கழுந்தும் துளையும்: பழைய பொதுக் கட்டடத்தின் கதவு ஜன்னல்களைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சித்திரை மாதம், சேலத்தில் ஒரு பட்டறையில் செய்த ஏழு ஜோடி ஜன்னல் கதவுகளை வேனில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தில் மாட்டினோம். மாட்டிய அன்று ஒற்றை விரலால் தள்ளினால் மூடிக்கொண்டன. ஐப்பசியில் திரும்பப் போனபோது ஏழில் ஐந்து திறக்கவே இல்லை. காவலாளி தோளால் முட்டித் தள்ளியதில் ஒன்றில் கண்ணாடி விரிந்திருந்தது. இரண்டு ஜோடியின் ஓரத்தை யாரோ ஓர் ஆளை வைத்து இழைத்துவிட்டிருந்தார்கள், அடுத்த பங்குனியில் பார்த்தால் அந்த இரண்டிலும் பென்சில் நுழைகிற சந்து.

அந்தக் கதவுகளுக்கு முன்னால் அங்கே இருந்தவை மூன்று தலைமுறை திறந்து மூடிய தேக்குக் கதவுகள். கெட்டுப்போயிருந்தது அடியில் நாலு அங்குலம். அந்த நாலு அங்குலத்துக்காக முழு ஜன்னலையும் கழற்றி விறகுக்குப் போட்டோம். நானும் அப்போது சரி என்று சொன்னவன்தான். இன்னொரு கட்டடத்தில் அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய பள்ளிக்கூடம், வாசகசாலை, பயணியர் விடுதி, தாலுகா கச்சேரி, சத்திரம், எதுவானாலும் அந்தக் காலத்து மரவேலையின் அடிப்படை ஒன்றுதான். ஒரு சட்டத்தின் முனையைச் சீவிக் கழுந்து எடுப்பார்கள், இன்னொரு சட்டத்தில் துளை போட்டு அதை நுழைப்பார்கள், குறுக்கே மர ஆணியோ மூங்கில் ஆணியோ அடித்து, ஆப்பு வைத்து இறுக்குவார்கள். பொருத்தில் இரும்பு ஆணி கிடையாது, பசையும் இருந்தால் வச்சிரம்தான், அதாவது விலங்கின் தோலிலும் எலும்பிலும் காய்ச்சி எடுக்கிற பசை. இப்படிச் செய்ததைப் பிரிக்க முடியும், பிரிக்க முடிகிறதனால் கெட்ட துண்டை மட்டும் மாற்றவும் முடியும். கீழே சொல்லும் எல்லா வேலையும் இதை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் அனுமதி, அப்புறம் எஸ்டிமேட்

கட்டடம் யாருடையது என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். பொதுப்பணித்துறை, மாநகராட்சி, ஊராட்சி, வருவாய்த்துறை, அறநிலையத்துறை என்று யாரிடமும் இருக்கலாம், இரண்டு துறை பங்கு போட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழோ 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழோ பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால், தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. அப்படி இல்லாத கட்டடம்தான் நம் ஊரில் அதிகம், அங்கேதான் ஆபத்தும் அதிகம், ஏனென்றால் கேட்பார் இல்லை.

எஸ்டிமேட்டைக் கவனியுங்கள். பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் முதலில் சாகின்றன. "பழுதடைந்த ஜன்னல்களை அகற்றிப் புதியது பொருத்த, இத்தனை சதுர மீட்டர்" என்று ஒரே வரி எழுதிவிட்டால் அப்புறம் எந்த ஆசாரி வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஒரு வரிக்குப் பதிலாக ஜன்னல் வாரியாக எழுதுங்கள்: 4ஆம் எண் ஜன்னல், இடது கதவு, கீழ்க் குறுக்குச் சட்டத்தில் ஒரு புதுக் கழுந்து, வலது நிலைக்காலின் அடியில் 10 அங்குல ஒட்டு, கண்ணாடி இரண்டு. எழுத நேரம் பிடிக்கும். ஆனால் மொத்தத் தேக்கு எத்தனை கன அடி என்று கூட்டிப் பார்த்தால், புதிதாகச் செய்வதற்கு ஆகும் மரத்தில் ஒரு சின்னப் பங்குதான் வரும், அதிகாரியிடம் பேச அதைவிட நல்ல வாதம் கிடையாது. கூலியை நாள் கணக்கில் போடுங்கள். பழுது பார்க்கிற வேலையை உருப்படிக்கு இவ்வளவு என்று பேசினால் அவசரம் வந்துவிடும், அவசரம் வந்தால் இரும்பு ஆணி வந்துவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மழையைப் பாருங்கள். நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள்: குடையோடு கட்டடத்தைச் சுற்றி வந்து, எந்த ஜன்னலில் தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு மரத்தில் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், அதற்குக் கீழே அது வளராது. ஆகவே அழுகின இடமெல்லாம் தண்ணீர் போகும் வழியைத்தான் காட்டுகிறது. அந்த வழியை அடைக்காமல் புதுத் தேக்கு வைத்தால் புதுத் தேக்கும் அழுகும், கொஞ்சம் தாமதமாக.

வழக்கமான குற்றவாளிகள்: அடைபட்ட தகரப் பீலி, உடைந்த ஓடு, இறவாரத்தைச் சுருக்கிப் போட்ட தகரக் கூரை, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் பூசின சிமெண்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சந்தில் சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குத்தான் போகும். அந்தச் சிமெண்டை மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தில் அடையுங்கள்.

இன்னொன்றை ஒரு வயசான ஆசாரி எனக்குக் காட்டினார். நான் கழுந்து ஆடுகிறது, கழுந்து ஆடுகிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஜன்னலின் அடிக்கட்டை மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வெளியே ஓடாமல் உள்பக்கம் திரும்பிக் கதவின் அடியில் போய் நின்றது. "தம்பி, கழுந்து அப்புறம் பாத்துக்கலாம். இதுக்கு வாட்டம் போயிருச்சு, அதைப் பாருங்க" என்றார். நாற்பது ஐம்பது வருஷம் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, அதன் மேல் பட்டி வைத்து, அடிக்கட்டையின் வெளிச்சரிவே காணாமல் போயிருந்தது. அடிக்கட்டைக்குக் கீழ்ப்பக்கம் ஓரத்தில் ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், ஓடும், தண்ணீர் சுவர்ப் பக்கம் வராமல் அங்கேயே சொட்டுவதற்காக. அந்தக் காடியும் பெயிண்டால் அடைந்திருக்கும். அதை உளியால் சுரண்டித் திறந்தாலே பாதி நோய் தீரும்.

எண், படம், அளவு

ஒவ்வொரு திறப்புக்கும் எண் கொடுங்கள், வாசலிலிருந்து வலமாகச் சுற்றி வந்தால் குழப்பம் வராது. உள்ளிருந்து ஒரு படம், வெளியிலிருந்து ஒரு படம், நான்கு மூலைக்கும் கிட்டத்தில் ஒவ்வொன்று. சட்டத்தின் அகலம், கனம், ஓரத்தில் ஓடும் வளைவின் குறுக்குவெட்டு ஆகியவற்றை அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், புதுத் துண்டுக்கு அந்த வளைவை எடுக்க அந்த அட்டைதான் உதவும். கீல், கொண்டி, தாழ்ப்பாள், குமிழ் எல்லாவற்றையும் அதே எண் எழுதின துணிப் பையில் போடுங்கள். ஒரு ஜன்னலின் கீல் இன்னொன்றில் உட்காராது, அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் கையால் இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

தட்டிப் பார்ப்பது

கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தேக்கு கணீரென்று பேசும், உளுத்த இடம் மொத்தென்று இருக்கும். சந்தேகம் உள்ள இடத்தில் மெல்லிய திருப்புளியின் முனையை வைத்து அழுத்துங்கள்: 2, 3 மி.மீ. இறங்கி நின்றால் மேலோட்டமான கேடு, அதை எண்ணெய் காப்பாற்றும். சட்டென்று ஒரு அங்குலம் இறங்கினால் அங்கே மரம் இல்லை, பெயிண்ட் மட்டும் நிற்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது குறுக்குச் சட்டத்தின் வெட்டுமுனைகளை, நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தை, கீழ்ப் பொருத்துகளை. மரத்தின் நார் வாய் திறந்து நிற்கிற இடம் அதுதான், உறிஞ்சு குழாய் மாதிரி தண்ணீரை இழுக்கும். மேல் பொருத்துகள் அநேகமாக எல்லாக் கட்டடத்திலும் நன்றாகவே இருக்கும்.

கரையான் மண் கோடு சுவரில் இருந்தால் மரத்தைப் பிறகு பாருங்கள், முதலில் தரையைப் பாருங்கள். வைரம் பாய்ந்த பழைய தேக்கைக் கரையான் எளிதில் தின்னாது, ஓரத்தில் விட்டுப்போன வெளிறைத்தான், அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த மென்மரத்தைத்தான் தின்னும். அந்த வெளிறு போனதைப் பார்த்துவிட்டு மொத்தச் சட்டத்தையும் தள்ளிவிடாதீர்கள்.

பழைய பெயிண்ட்

இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசு தேய்க்கிறவரின் நுரையீரலுக்கும், பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைகளின் வாய்க்கும் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள், கீழே பிளாஸ்டிக் விரியுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், நெருப்பு விளக்கு வைத்து எரிக்காதீர்கள். சுரண்டினதைக் கூட்டித் தோட்டத்தில் கொட்டக் கூடாது, மூட்டை கட்டித் தனியாக வையுங்கள்.

முழுக்கச் சுரண்டும் முன், கையகல இடத்தில் ஒவ்வொரு அடுக்காக எடுத்துப் பாருங்கள். மேலே காவி, அதற்குக் கீழே பச்சை, அடியில் வெறும் எண்ணெய் என்று கட்டடத்தின் சரித்திரமே அங்கே இருக்கும். அந்தக் கையகலத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

பிரிப்பது

கதவைத்தான் கழற்ற வேண்டும், நிலையைச் சுவரிலிருந்து பெயர்க்கக் கூடாது. நிலை சுவரோடு சேர்ந்து வேலை செய்கிறது, அதைப் பிடுங்கினால் மேலே வளைவில் விரிசல் விழும். நிலைக்கால் அடியில் கெட்டிருந்தால் நின்ற இடத்திலேயே ஒட்டுப் போடலாம்.

கழற்றின கதவை மேசையில் படுக்கப் போட்டு, பொருத்துகளின் மேல் பெயிண்டைச் சுரண்டினால் வட்டமாக ஒரு புள்ளி தெரியும், அதுதான் மர ஆணி. பெரும்பாலும் ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சிறுத்தும் இருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து தட்டினால் வந்துவிடும். வரவில்லை என்றால் நடுவில் துரப்பணத்தால் குடைந்து எடுங்கள், துளையின் ஓரத்தைத் தொடாமல். அடுத்து ஆப்பு. கழுந்தின் முனையில் இரண்டு ஓரத்திலும் இருக்கும், மெல்லிய உளியால் பிளந்து எடுத்துவிடலாம். வச்சிரம் போட்டிருந்தால் வெந்நீர்த் துணி கட்டிக் கால் மணி நேரம் விட்டால் இளகும். அதன் பிறகு சட்டத்தின் மேல் ஒரு கட்டையை வைத்து அந்தக் கட்டையின் மேல்தான் அடிக்க வேண்டும், நேராகப் பழைய மரத்தில் சுத்தி படக் கூடாது.

நடுவில் யாராவது இரும்பு ஆணி அடித்திருப்பார்கள். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கினால் மரம் கிழியும். சுற்றிலும் சின்னக் குழாய் மாதிரிக் குடைந்து ஆணியோடு எடுத்து, அந்தத் துளையைத் தேக்குத் தக்கையால் அடைத்துவிடுங்கள், தக்கையின் நார் சட்டத்தின் நார் ஓடும் திசையிலேயே ஓடட்டும்.

பொருத்து பிரிந்ததும் உள்ளே பாருங்கள். துளையின் பக்கத்திலும் கழுந்தின் கன்னத்திலும் (அகலமான பக்க முகம்) உளியால் கொத்தின கோடுகள் இருக்கலாம், ஒன்று, இரண்டு, குறுக்குக் கோடு என்று. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று முதலில் செய்தவர் போட்டுக்கொண்ட கணக்கு அது. அதைத் தேய்க்காதீர்கள், படம் எடுங்கள். அந்த ஆளின் பெயர் நமக்குத் தெரியப் போவதில்லை, அவருடைய கை மட்டும் அங்கே இருக்கிறது.

மரம்: எது, எங்கே உலர்ந்தது

நான் சொன்ன ஏழு ஜன்னல் ஏன் மாட்டிக்கொண்டது என்பதற்கு இங்கேதான் பதில். மரம் காற்றின் ஈரத்தோடு சமாதானமாகும் வரை ஈரத்தை வாங்கும் அல்லது விடும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் இருக்கும் இடத்தில் மரம் 7, 8 சதவீத ஈரத்தில் நிற்கும். 85 சதவீதம் இருக்கும் இடத்தில் 18 வரை ஏறும். சேலத்துக் கோடை முதல் வகை, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் நிற்கும் ஏற்காட்டு ஐப்பசி இரண்டாவது வகை. மரம் நீளத்தில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலத்தில்தான் விரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜன்னலுக்கு இரண்டு கதவு, கதவுக்கு இரண்டு செங்குத்துச் சட்டம், சட்டத்தின் அகலம் 75 மி.மீ. ஆக மொத்தம் 300 மி.மீ. குறுக்கு மரம். சாதாரணமாக அறுத்த தேக்கு ஒரு சதவீத ஈரத்துக்கு அகலத்தில் ஏறத்தாழ 0.2 சதவீதம் அசையும். ஈரம் 8 சதவீதம் ஏறினால் 4, 5 மி.மீ. நாங்கள் விட்டிருந்த சந்து 2 மி.மீ. தேக்கு மற்ற மரத்தைவிடக் குறைவாக அசையும் ஜாதி, அதற்கே இந்தக் கணக்கு.

இதற்கு மூன்று வழி உண்டு, மூன்றையும் செய்யுங்கள். ஒன்று, ஆண்டு வளையம் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த மரம் கேளுங்கள், அதன் அசைவு ஏறக்குறையப் பாதி. இரண்டு, மரத்தைச் சேலத்தில் வாங்கினாலும் இழைக்காமல் மேலே கொண்டுபோய், வேலை நடக்கும் கட்டடத்துக்கு உள்ளேயே இடைக்கட்டை வைத்து அடுக்கி ஆறு வாரமாவது விடுங்கள். ஈரமானி ஒன்று வாங்குங்கள், அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பழைய சட்டத்தில் ஒரு குத்து, புது மரத்தில் ஒரு குத்து, இரண்டும் 2 சதவீத வித்தியாசத்துக்குள் வந்த பிறகு உளியைத் தொடுங்கள். மரவேலைக்கு எந்தப் பகுதியில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் அந்த எண்ணை எழுதிவிட்டால் வாக்குவாதம் குறையும். மூன்று, போதுமான சந்து விடுவது, அதை மாட்டும் பகுதியில் சொல்கிறேன்.

என்ன மரம்? தேக்குக்குத் தேக்கு, வேங்கைக்கு வேங்கை. நல்லது என்று நினைத்து மென்மையான சட்டத்தில் கடினமான துண்டை வைத்தால் இரண்டும் வேறு வேறு மாதிரி அசைந்து ஒட்டு விட்டுப்போகும். முடிந்தால் பழைய மரமே தேடுங்கள். சேலத்தில் பழைய வீடு இடிக்கும்போது வருகிற உத்தரமும் விட்டமும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், நெருக்கமான வளையமுள்ள அந்தத் தேக்கு இப்போது தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்து வெட்டும் தேக்கில் கிடைக்காது. மலையில் காபித் தோட்டத்து நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை மலிவு என்று காட்டுவார்கள். அலமாரிக்குச் சரி, மழை படும் ஜன்னலுக்கு வேண்டாம். எந்த மரமானாலும் பில்லும், தேவைப்படும் இடத்தில் வனத்துறைப் போக்குவரத்து அனுமதியும் கையில் இருக்கட்டும், மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் பொதுக் கட்டட வேலை என்று வாயால் சொன்னால் போதாது.

ஒட்டுப் போடுவது

நிலைக்காலோ செங்குத்துச் சட்டமோ அடியில் நாலு அங்குலம் அழுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மரம் தெரிகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் மேலே போய் வெட்டுங்கள், பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டித்தான் இருக்கும். நேராக வெட்டக் கூடாது, வெட்டுமுனைக்கு வெட்டுமுனை எந்தப் பசையும் நிற்காது. சரிவாக வெட்டுங்கள். 40 மி.மீ. கனமுள்ள சட்டத்துக்குச் சரிவின் நீளம் 160 முதல் 240 மி.மீ., அதாவது கனத்தைப் போல நாலு முதல் ஆறு மடங்கு. பாரம் தாங்கும் உத்தரம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்குப் போதாது, அதைக் கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும்.

சரிவு எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அல்லவா, அதே மாதிரி மேலே இருக்கும் பழைய மரம் வெளிப்பக்கத்தில் கீழே இறங்கிப் புது மரத்தை மூடி நிற்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டுக் கோடே ஒரு கிண்ணம்.

இரண்டு முகத்தையும் இழைப்புளியால் சரிபார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் வரக் கூடாது. தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனோ தின்னரோ தொட்ட துணியால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். சாதாரண வெள்ளைப் பசை மலை மழைக்கு நிற்காது, நீர் தாங்கும் வகை வாங்குங்கள். ஒட்டின பிறகு குறுக்கே இரண்டு மூங்கில் ஆணி.

அழுகின இடத்தைச் சுரண்டிவிட்டு எபாக்சி நிரப்பினால் என்ன என்று கேட்பார்கள். கட்டைவிரல் அளவுக் குழிக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம். மரம் அசையும், எபாக்சி அசையாது, நாலைந்து மழையில் ஓரத்தில் மயிரிழை விட்டு அதற்குள் தண்ணீர் போய், வெளியே பளபளப்பும் உள்ளே அழுகலுமாக இருக்கும்.

கழுந்து போடுவது

கழுந்து முறிந்துபோன குறுக்குச் சட்டத்தை எறிய வேண்டாம். முனையில் ஒரு வாய் வெட்டி, அதில் தனியாகச் செய்த கழுந்தைச் செருகி ஒட்டிவிடலாம். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, 36 மி.மீ. சட்டத்துக்கு 12 மி.மீ. நார் நீளவாக்கில் ஓட வேண்டும். சட்டத்துக்கு உள்ளே எவ்வளவு போகிறதோ அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைவிடக் குறையக் கூடாது.

துளைக்குள் கழுந்து போகும்போது கை அழுத்தமும் கொட்டாப்புளியின் லேசான தட்டும் போதும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் துளையின் கன்னம் பிளக்கும். லொடலொடவென்று போனால் கன்னத்தில் ஒரு சீவல் தேக்கு ஒட்டி மறுபடி இழையுங்கள். கழுந்தின் தோள், அதாவது கழுந்து தொடங்கும் இடத்தில் சட்டம் படியாக நிற்கும் முகம், செங்குத்துச் சட்டத்தில் முழுக்கப் படிய வேண்டும், ஒரு காகிதம்கூட நுழையக் கூடாது.

இப்போது ஆணி. முதலில் துளையுள்ள சட்டத்தில் மட்டும் ஆணித் துளை போடுங்கள். கழுந்தை நுழைத்துத் துரப்பண முனையால் புள்ளி குத்துங்கள். கழுந்தை வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து தோள் பக்கமாக 1 மி.மீ. தள்ளிக் கழுந்தில் துளை போடுங்கள். திரும்ப நுழைத்து ஆணியை அடிக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் கழுந்தை உள்ளே இழுத்துத் தோளை இறுக்கிவிடும். தேக்குக்கு 1 மி.மீ. போதும், ஆசைப்பட்டு இரண்டு தள்ளினால் கழுந்து முனை வெடிக்கும். ஆணிக்கு முற்றின, நன்றாகக் காய்ந்த மூங்கிலை அறுக்காமல் பிளந்து எடுங்கள், பிளந்ததில் நார் அறுபடாமல் முழு நீளமும் ஓடும். மத்தியப் பொதுப்பணித்துறையின் விவரக்குறிப்பிலேயே 10 முதல் 15 மி.மீ. மூங்கில் ஆணிக்கு இடம் இருக்கிறது, ஆகவே பழைய பழக்கம் என்று யாரும் அதைத் தள்ள முடியாது.

இந்தப் பொருத்தில் நான் பசை போடுவதில்லை. ஆணியும் ஆப்பும் போதும், அறுபது வருஷம் கழித்து இன்னொருவர் பிரிக்க வேண்டியிருக்கும். ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் வச்சிரம் போடுங்கள், வெந்நீரில் விட்டுவிடும்.

நடுவில் இருக்கும் பலகைக்கு ஆணியும் கூடாது பசையும் கூடாது. அது காடிக்குள் சும்மா நிற்க வேண்டும். ஆறு அங்குலப் பலகை ஒன்று வருஷத்தில் 2 மி.மீ. வரை அசையும், அதைக் கட்டிப்போட்டால் நடுவில் வெடித்துக்கொள்ளும். பழைய கட்டடங்களில் வெடித்த பலகையைப் பார்த்தால் பின்னால் யாரோ அடித்த ஒரு ஆணி இருக்கிறதா என்று பாருங்கள், நான் பார்த்த அத்தனையிலும் இருந்தது.

புதுத் துண்டின் மறைவான பக்கத்தில் வருஷத்தை உளியால் கொத்துங்கள். பழைய மர அமைப்புகளுக்காக, நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் சர்வதேச அமைப்பான ஐகோமாஸ் 1999இல் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன: புதிதாகச் சேர்த்தது கண்ணை உறுத்தாமல், ஆனால் தேடினால் அடையாளம் தெரிய வேண்டும். பழசு மாதிரிச் சாயம் ஏற்றி ஏமாற்ற வேண்டாம், மலை வெயிலில் அதுவே நிறம் மாறிக்கொள்ளும்.

மருந்து, எண்ணெய், கண்ணாடி

வெண்காரமும் போரிக் அமிலமும் 1.5 பங்குக்கு 1 பங்கு என்று வெந்நீரில் கரைத்து, வெறும் மரத்தில், முக்கியமாக வெட்டுமுனைகளில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். வண்டையும் பூஞ்சையையும் தடுக்கும், ஆனால் மழையில் கரைந்து போய்விடும். அதனால் மரம் காய்ந்ததும் மேலே எண்ணெயோ பெயிண்டோ கட்டாயம்.

வெளிப்பக்கத்துக்கு நான் ஆளிவிதை எண்ணெய் சார்ந்த பூச்சைத்தான் சொல்வேன், மெல்லிசாக மூன்று தடவை. கெட்டியான பளபள வார்னிஷ் வெயிலில் உரிந்து, உரிந்த இடத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உள்பக்கம் அரக்குப் பாலிஷ் அழகு, மழை படாத இடத்தில் மட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் காய்கிறபோது சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்குங்கள். மரத்தாலான பழைய கட்டடத்தில் இதை ஒவ்வொரு நாள் மாலையும் ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும்.

அலையலையாகத் தெரியும் பழைய கண்ணாடியைப் பத்திரமாக எடுத்துத் திரும்பப் போடுங்கள், அது இனிமேல் கிடைக்காது. சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்த பட்டி போதும். காடியில் முதலில் பிரைமர் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் எண்ணெயைக் குடித்துவிட்டுப் பட்டி உதிரும். பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடியின் மேல் 2 மி.மீ. ஏறட்டும், தண்ணீர் பட்டிக்குப் பின்னால் போகாது.

மாட்டுவது

மாசி, பங்குனி, சித்திரையில் மலைமேல் மாட்டினால் இரண்டு கதவும் சேருமிடத்தையும் சேர்த்து மொத்தம் 5, 6 மி.மீ. சந்து விடுங்கள், பார்க்கக் கொஞ்சம் தாராளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் மாட்டினால் 2 மி.மீ. போதும், கோடையில் அது தானே விரியும். சேலத்தில் கீழே என்றால் இவ்வளவு வேறுபாடு தேவையில்லை. கதவின் அடி ஓரத்துக்கும் கீலுக்குப் பின்னால் இருக்கும் முகத்துக்கும் மாட்டுவதற்கு முன்பே பூச்சு அடித்துவிடுங்கள், மாட்டின பிறகு தூரிகை போகாது. பழைய பித்தளைக் கீல் தேய்ந்திருந்தால் அச்சாணியை மட்டும் மாற்றலாம்.

முதல் மழைக் காலம் முழுக்க ஒரு ஜன்னலையும் இழைக்கக் கூடாது என்று காவலாளியிடமும் அலுவலகத்திலும் எழுதியே கொடுத்துவிடுங்கள். இறுக்கினால் மெழுகுவத்தியை ஓரத்தில் தேய்க்கட்டும். ஒரு கோடை, ஒரு மழை இரண்டையும் பார்த்த பிறகும் உரசினால், உரசுகிற இடத்தில் மட்டும் ஒரு சீவல்.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு நாள், ஆடி பிறக்குமுன்: பீலியைத் துடைத்து, அடிக்கட்டையின் கீழே உள்ள காடியைச் சுரண்டி, வெட்டுமுனைகளில் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு அடிக்கட்டையிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். எந்த எண் ஜன்னலில் உள்பக்கம் ஓடியதோ அதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, அந்த நோட்டைக் கட்டடத்திலேயே வையுங்கள்.